பிடியில்லாமல் காட்டுக்குப் போனவர்கள்

முன்னொரு புரட்டாசி மாதம், ஒரு சாக்குமூட்டை சிரித்துக்கொண்டே மலையேறியது.

மூட்டைக்குள் மூன்று இரும்புகள் இருந்தன. கோடாரி, மண்வெட்டி, கடப்பாரை. மூன்றும் முந்தின நாள்தான் கொல்லன் உலையிலிருந்து வந்தவை. கடப்பாரை மட்டும் மூட்டைக்கு அடங்காமல் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, வழியில் தெரிவதையெல்லாம் உள்ளே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது.

“மரம் வருது.”

“எத்தனை?” என்றது கோடாரி.

“அதெல்லாம் எண்ணக்கூடாது தம்பி. கண்ணு பட்டுடும்.”

“ஐயோ, எனக்கு இப்பவே நாக்கு ஊறுது.”

“மண்ணு எப்படிண்ணே இருக்கு?” என்றது மண்வெட்டி, மூட்டையின் அடியிலிருந்து.

“கறுப்பு. அப்பத்தான் கிண்டி இறக்கின கேப்பைக்களி மாதிரி.”

மண்வெட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அது குலுங்க, கோடாரி குலுங்க, மூட்டையைத் தோளில் சுமந்துவந்த சவரி, “ஏ, சும்மா வாங்கப்பா, தோள்பட்டை கழலுது,” என்றான்.

அவனுக்குப் பின்னால் அவன் மனைவி ஜெசிந்தா வந்தாள். தலையில் சாமான் பெட்டி, இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. இன்னொரு கையில் செய்தித்தாள் சுற்றிய அரிவாள்மனை. மலைச்சரிவில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒரு துண்டு நிலம் சவரிக்குத் தாய்வழியில் வந்திருந்தது. பஸ் நிற்கிற கடைசி ஊருக்கும் மேலே, ஒரு ஓடைக்கரையில். நாமே வெட்டுவோம், நாமே கட்டுவோம், நாமே விதைத்துச் சாப்பிடுவோம் என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள். ஐப்பசி மழை இறங்குவதற்குள் குழந்தையின் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். மற்றதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் கடைசியாக இன்னொன்றும் வந்தது. அதை யாரும் கூப்பிடவில்லை. ஜெசிந்தாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, கல் தடுக்கும்போதெல்லாம் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. அதன் பெயர் பயம்.

“பாலம் உடைஞ்சுட்டா?” என்றது பயம்.

“பாலமே இல்லை,” என்றாள் ஜெசிந்தா.

“அப்ப இன்னும் மோசம்!” என்றது பயம்.

ஓடைக்கரை வந்ததும் சவரி மூட்டையை அவிழ்த்துக் கொட்டினான். மூன்று இரும்புகளும் புல்லில் உருண்டு, பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்பதுபோல வரிசையாகப் படுத்துக்கொண்டன. வெயில் பட்டுப் பளபளத்தன.

“முதல்ல நான்தான்,” என்றது கோடாரி. “தூக்குங்க மாமா!”

சவரி வேட்டியை மடித்துக் கட்டினான். உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டான். குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான்.

“என்னங்க?” என்றாள் ஜெசிந்தா.

“ஜெசி,” என்றான் அவன் மெதுவாக. “இதை எங்க பிடிக்கறது?”

அப்போதுதான் எல்லோரும் முதன்முறையாகக் கவனித்தார்கள். கோடாரிக்குப் பிடி இல்லை. மண்வெட்டிக்கும் இல்லை. கொல்லன் இரும்பைத்தான் அடித்துக் கொடுப்பான். பிடி போட்டுக்கொள்வது வாங்குகிறவர் பாடு. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கொல்லனும் கேட்கத்தான் கேட்டான், “பிடி நீங்க போட்டுக்குவீங்கல்ல?” என்று. சவரி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தான்: “போறது காட்டுக்குங்க. பிடிக்கா பஞ்சம்?”

பஞ்சமே இல்லைதான். சுற்றிலும் மரம். ஆயிரம் கோடாரிக்குப் பிடி போடலாம். ஆனால் முதல் பிடியை வெட்ட ஒரு கோடாரி வேண்டும். அந்தக் கோடாரிக்குப் பிடி வேண்டும்.

ஜெசிந்தாவின் உதட்டோரம் துடித்தது. சவரி அதைப் பார்த்தான். அவன் உதடும் துடித்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தை என்ன ஏதென்று தெரியாமல், இருக்கிற ஈறையெல்லாம் காட்டிச் சிரித்தது.

“சிரிக்கிற விஷயமா இது?” என்றது பயம்.

“எனக்குப் பிடியே வேண்டாம்!” என்று கூவியது கடப்பாரை. “தலை, இடுப்பு, கால், எல்லாமே பிடிதான். எங்க வேணா பிடிங்க. என்ன வேலை சொல்லுங்க!”

“மரம் வெட்டுண்ணே பார்ப்போம்,” என்றது கோடாரி.

கடப்பாரை யோசித்தது. “குழி தோண்டுவேன்,” என்றது.

சவரியும் வேறு வழியில்லாமல் குழி தோண்டினான். வீட்டுக்கால் நடுவதற்கு ஆறு குழி. ஒவ்வொன்றும் முழங்கால் ஆழம், அளவெடுத்த மாதிரி. கடப்பாரை ஒவ்வொரு குழியையும் சுற்றி வந்து ரசித்தது.

“குழி பிரமாதம்,” என்றது மண்வெட்டி. “நடறதுக்கு என்னண்ணே இருக்கு?”

“அது என் டிபார்ட்மென்ட் இல்லை,” என்றது கடப்பாரை.

சவரி காற்றில் முறிந்து விழுந்திருந்த ஒரு குச்சியை எடுத்து, துணி சுற்றி, கோடாரியின் துளைக்குள் திணித்து ஓங்கினான். குச்சி கையில் நின்றது. கோடாரி நிற்கவில்லை. “ஹோய்!” என்று கத்திக்கொண்டு, ஜெசிந்தாவின் தலைக்கு மேலே பறந்து, ஓடைக்குள் தொப்பென்று விழுந்தது.

“இன்னொரு தடவை, மாமா! இன்னொரு தடவை!” என்று தண்ணீருக்குள்ளிருந்து குமிழி விட்டது.

கடப்பாரையும் மண்வெட்டியும் உருண்டு உருண்டு சிரித்தன. கோடாரியை ஓடையிலிருந்து எடுத்த சவரிகூடச் சிரிக்கத் தொடங்கினான்.

பயம் மட்டும் ஜெசிந்தாவின் காதருகே வந்தது. “கொஞ்சம் தாழப் பறந்திருந்தா?” என்றது. “குழந்தை தலை எங்க இருந்துச்சுன்னு பார்த்தியா?”

ஜெசிந்தாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. குழந்தையை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அந்த நேரத்திலிருந்து அவள் குழந்தையைக் கீழே விடவில்லை.

அதன் பிறகு ஒற்றைக் கையால் கஞ்சி வைத்தாள். ஒற்றைக் கையால் தண்ணீர் மொண்டாள். சவரி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினால், “இருக்கட்டுங்க,” என்றாள். மரத்துக்கு மரம் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். இரண்டு நாள் கழித்துக் காற்று வந்து தார்ப்பாயை நடுவில் கிழித்துவிட்டுப் போனது. கிழக்கே மேகம் எருமைக்கூட்டம்போலச் சேர ஆரம்பித்தது.

“வருது,” என்றது கடப்பாரை. எல்லோரையும்விட உயரமாக நின்றதால் அதற்குத்தான் முதலில் தெரிந்தது. இப்போது அதன் குரலில் விளையாட்டு இல்லை.

அன்றைக்கு ஜெசிந்தா பூசணிக்காய் அரிய உட்கார்ந்தாள். அரிவாள்மனையின் பலகையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் பூசணிக்காயை அலகில் வைத்து அழுத்தினாள். காய் வழுக்கி உருண்டது.

“தாயி,” என்றது அரிவாள்மனை. அதுவரை அது வாயைத் திறக்கவே இல்லை. “இந்தக் கல்லுப் பூசணியையே நான் அரிஞ்சுடுவேன். அந்தக் கொம்பைச் சீவிப் பிடியாக்க மாட்டேனா?”

அது காட்டிய இடத்தில் ஓர் உசில மரக் கொம்பு கிடந்தது. காற்றில் முறிந்து விழுந்தது. ஆள் நீளம், நல்ல வைரம் பாய்ந்தது.

கோடாரி விழுந்து விழுந்து சிரித்தது. “மதினி! கத்தரிக்காய்க்கு நேரமாச்சு, போங்க.”

“கருவாடு கழுவணும், போங்க,” என்றது மண்வெட்டி.

“டேய்,” என்றது அரிவாள்மனை. “உங்களையெல்லாம் ஒருத்தர் தூக்கணும். தூக்கி ஓங்கணும். ஓங்குனா வீசணும். என்னை யாராவது ஓங்கிப் பார்த்திருக்கீங்களா? நான் உட்கார்ந்த இடத்துலயே இருப்பேன். வர வேண்டியது எங்கிட்ட வரும். வந்து தானா சின்னதாகும்.”

கோடாரி விடவில்லை: “பேச்சைப் பாரு, தேங்காய் துருவுற மூக்கை வச்சுக்கிட்டு!”

“மூக்கு இருக்குல்ல எனக்கு? உனக்குப் பிடியே இல்லையேடா.”

இதற்குக் கடப்பாரை சிரித்த சிரிப்பில் குழியோரம் மண் சரிந்தது.

சவரி அதற்குள் கொம்பை இழுத்து வந்துவிட்டான். “குடு, நானே சீவுறேன்,” என்று அரிவாள்மனைமேல் உட்கார்ந்தான். எந்தக் காலை மடக்குவது, எந்தக் காலை நீட்டுவது என்று தெரியாமல், பலகையோடு சேர்ந்து மல்லாந்தான்.

“மாமா, இறங்கிடுங்க,” என்றது அரிவாள்மனை மரியாதையாக. “தாயிதான் உட்காரணும். நீங்க அந்தப் பக்கம் பிடிச்சுத் திருப்பிவிடுங்க. நீளக் கொம்பு, ரெண்டு பேர் வேணும். தாயிக்கு ரெண்டு கையும் வேணும்.”

ரெண்டு கையும். ஜெசிந்தா மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

“விடாதே,” என்றது பயம்.

“தூளி கட்டிடலாம் ஜெசி,” என்றான் சவரி. “இதோ, தாழ்ந்த கிளைதான்.”

“கிளை முறிஞ்சிட்டா?” என்றது பயம். “முடிச்சு அவிழ்ந்துட்டா? கட்டெறும்பு ஏறிட்டா? நீ அங்க பார்த்துட்டு இருக்கறப்ப இங்க மூச்சு நின்னுட்டா?”

கோடாரி பொறுமையிழந்தது. “இதுக்குக் கைகால் இருக்கா? வேலை செய்யுமா? வந்த நாள்லருந்து ஒரு சுள்ளி பொறுக்கிப் போட்டுச்சா? இதை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

“நான் கூட்டிட்டு வரலை,” என்றாள் ஜெசிந்தா. அவள் கண் நிறைந்துவிட்டது. “பாப்பா பொறந்த அன்னிக்கே இதுவும் பொறந்துச்சு. அதே கட்டில்ல. பாப்பாவை என் பக்கத்துல படுக்க வச்சாங்க, இது அந்தப் பக்கம் படுத்துக்கிச்சு.”

மேகம் ஒரு முறை உறுமியது.

ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். பெட்டியிலிருந்து பழைய சேலையை எடுத்தாள். கிளையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். சவரி முடிச்சுப் போட்டான். அவள் அவிழ்த்து மறுபடி போட்டாள். குழந்தையைத் தூளிக்குள் விட்டாள்.

“இந்தா,” என்றாள் பயத்தைப் பார்த்து. “பக்கத்துல உட்காரு. நீயே பார்த்துக்கோ.”

பயத்துக்கு யாரும் இதற்குமுன் உட்கார இடம் கொடுத்ததில்லை. அது தயங்கித் தயங்கித் தூளியருகே போய் உட்கார்ந்தது. பிறகு தூளிக்குள் தலையை நுழைத்து, குழந்தையின் மூக்குக்கு நேரே மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தது.

ஜெசிந்தா பலகையை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொம்பின் முனையை இரண்டு கையாலும் அலகில் வைத்து அழுத்தினாள். மறுமுனையைச் சவரி திருப்பினான். சுருள் சுருளாகச் சீவல் பறந்தது.

“ஆஹா!” என்றது அரிவாள்மனை. “இத்தனை வருஷமா வெங்காயத்துக்கு அழ வச்சேன். இப்பத்தான் சிரிக்க வைக்கிறேன்.”

“கூசுது! கூசுது!” என்றது கொம்பு.

“மூச்சு விடுதா?” என்று தூளிக்குள்ளிருந்து பயம் கத்தியது. ஜெசிந்தா போட்டது போட்டபடி ஓடினாள். குழந்தை நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தது. வந்து உட்கார்ந்தாள். சீவினாள். “வேகமா விடுதே!” என்றது பயம். ஓடினாள். வந்தாள். “இப்ப மெதுவா விடுதே!” என்றது. ஓடினாள். நாலாவது தடவை குழந்தையே விழித்து, மூக்குக்கு நேரே அந்த முகத்தைப் பார்த்து வீறிட்டது.

“பார்த்தியா, நான் சொன்னேன்ல!” என்றது பயம்.

இப்படி ஓடி ஓடிச் சீவி, வெயில் சாயும்போது கொம்பின் முனை கோடாரியின் துளைக்குள் சொருகும் அளவுக்கு வந்தது. சவரி தட்டி இறக்கினான். சிறு சில்லை ஆப்பாக்கி, கல்லால் அடித்து இறுக்கினான். தோளில் தூக்கினான்.

“அம்மாடியோவ்!” என்றது கோடாரி. ஆள் நீளப் பிடியின் உச்சியிலிருந்து அது உலகத்தைப் பார்த்தது. “நான் இவ்வளவு உயரமா? மதினி, நீங்க எங்க இருக்கீங்க? எறும்பு மாதிரி தெரியறீங்க!”

“அதிகமா நீட்டிட்டோம், முதல்ல உன் வாலைக் குறைச்சுக்கோ,” என்றது அரிவாள்மனை.

கோடாரியைக் கல்மேல் சாய்த்து, மறுமுனையை அரிவாள்மனையில் அறுத்துக் குறைத்தார்கள். அதன் பிறகு காடு கலகலப்பாயிற்று. கோடாரி முதல் வேலையாக மண்வெட்டிக்குப் பிடி வெட்டிக் கொடுத்தது. “ரொம்ப நன்றிங்கண்ணே,” என்றது மண்வெட்டி. “வாயை மூடிட்டு மண்ணைப் பாரு,” என்றது கோடாரி. கால்கள் வந்தன. குழிகள் தயாராக வாய் பிளந்திருந்தன. “வாங்க, வாங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு!” என்று கடப்பாரை கல்யாண வீட்டுக்காரன்போல வரவேற்றது. குறுக்குக்கட்டை ஏறியது. மூங்கில் வரிச்சு ஏறியது. சுற்றிலும் மூங்கில் தட்டி சுவராக நின்றது. ஜெசிந்தா ஆளுயரப் புல்லைக் கட்டுக்கட்டாக அடுக்கி, கற்றாழை நாரால் தைத்தாள். கான்வென்டில் கைக்குட்டை ஓரம் மடித்துத் தைத்த விரல்கள் அவை. கோணல் தையலுக்கு சிஸ்டர் ஸ்கேலால் கொடுத்த அடி இந்தக் கூரையில் வரிசை வரிசையாகத் தெரிந்தது.

“வீட்டுக்கு எம்பிராய்டரியா?” என்றான் சவரி கீழேயிருந்து.

“பூ வேணும்னா சொல்லுங்க, ஓரத்துல போட்டுத் தரேன்,” என்றாள் அவள் மேலேயிருந்து. சிரித்தாள். சிரித்தபடியே தூளியைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் பார்த்து இறங்கினாள். மறுபடி ஏறினாள்.

கடைசிக் கட்டுப் புல்லைத் தைத்து அவள் தரையில் கால் வைத்த அன்று அந்தியில் மழை இறங்கியது.

மழை என்றால் மழை. மலையே சத்தம் போட்டது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள்; தூளியும் உள்ளே குறுக்குக்கட்டைக்கு மாறியது. கோடாரி ஒரு மூலையில், மண்வெட்டி ஒரு மூலையில், கடப்பாரை நடுக்காலில் சாய்ந்துகொண்டு. கூரையைப் பார்த்தபடி அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

“ஓஹோ!” என்று கத்தியது கோடாரி.

“ஓஹோ!” என்றன மற்றவை. சவரி ஜெசிந்தாவின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். அந்தச் சின்ன இடத்தில் சுற்றியதில் அவன் தலை கடப்பாரையில் இடித்தது. அதற்கும் சிரித்தார்கள்.

“கதவு எங்க?” என்றது பயம்.

எல்லோரும் திரும்பினார்கள். கதவு இல்லை. கதவுக்கு நேரம் இருக்கவில்லை. வாசல் மட்டும் இருந்தது. அதன் வழியே இருட்டும் சாரலும் உள்ளே எட்டிப் பார்த்தன.

பயம் ஒரே தாவலில் தூளிக்குள் தலையை நுழைத்தது. இதுவரை இல்லாத அளவுக்கு நெருங்கி, குழந்தையின் முகத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, “பாம்பு! பன்றி! குளிர்! இடி!” என்று புலம்பியது. குழந்தை உடம்பு விறைக்க அழுதது. ஜெசிந்தா எடுத்து அணைத்தாள். அவள் தோளுக்கு மேலாகவும் பயம் எட்டிக் குழந்தையையே பார்த்தது. அழுகை கூடியது. பால் குடிக்க மறுத்தது. கூரை வந்துவிட்டது, ஆனால் கூரைக்குக் கீழே குழந்தைக்குத் தூக்கம் வரவில்லை.

“நகருங்க,” என்றது கோடாரி. “இதை இன்னிக்கு வெட்டிடறேன்.”

“வேணாம்,” என்றாள் ஜெசிந்தா.

“வெளிய தள்ளிடலாமா?” என்றது மண்வெட்டி.

“தள்ளினா ஓட்டை வழியா வந்துடும். எனக்குத் தெரியும், எத்தனை தடவை தள்ளியிருக்கேன்.”

அவள் குழந்தையைச் சவரியின் கையில் கொடுத்தாள். வந்த நாளிலிருந்து முதன்முறையாகக் கொடுத்தாள். பிறகு பயத்தைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். வாசற்படியில் உட்காரவைத்தாள். அது உடனே வீட்டுக்குள் திரும்பியது. அவள் அதன் முகவாயைப் பிடித்து, குழந்தைக்குத் தலைவாரும்போது திருப்புவதுபோல, மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினாள்.

“அங்க பாரு.”

“அங்க என்ன இருக்கு?”

“அதைத்தான் கேக்கறேன். இத்தனை நாளா பாம்பு பன்றின்னியே, அதெல்லாம் பாப்பா முகத்துலயா இருக்கு? வெளியதானே இருக்கு. உன் கண்ணு எங்க எல்லாரையும்விடக் கூர்மை. பாரு. வந்தா சொல்லு.”

பயம் வெளியே பார்த்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. சும்மா இருட்டு. அது கண்ணைச் சுருக்கிக்கொண்டது. இருட்டில் சரிவு தெரிந்தது. சரிவில் ஏதோ மினுங்கியது. மினுங்கியது நகர்ந்தது.

“தண்ணி!” என்றது பயம். இது புலம்பல் இல்லை. நேரான, தெளிவான குரல். “மேல இருந்து வருது. பெரிய பாறைக்கு இடது பக்கமா. நேரா நம்ம சுவருக்கு.”

“எனக்கு! எனக்கு!” என்று குதித்தது மண்வெட்டி. ஜெசிந்தா அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

“இன்னும் வலது பக்கம்!” என்று வாசலிலிருந்து பயம் சொன்னது. “இன்னும்! இன்னும்! அங்கதான், வெட்டு!”

ஜெசிந்தா வெட்டினாள். கறுப்பு மண் களிபோலப் புரண்டது. வாய்க்கால் வளைந்தது. மேலிருந்து சீறி வந்த தண்ணீர் ஒரு நிமிஷம் யோசித்து, வளைந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போயிற்று.

அவள் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தபோது, சவரியின் தோளில் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிப் போயிருந்தது. அவன் அசையாமல் நின்றான். அசைந்தால் எழுந்துவிடும் என்று கண்ணாலேயே ஜாடை காட்டினான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு, பாயில் சாய்ந்தாள். சாய்ந்தவள் துவட்டிய துணியோடே தூங்கிவிட்டாள்.

மழை வலுத்தது. சாரல் வாசற்படிவரை அடித்தது.

கோடாரிக்கு மனசு கேட்கவில்லை. மூலையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏம்ப்பா, நனையறியே, உள்ள வந்து இப்படி ஓரமா உட்காரேன்,” என்றது.

“உஷ்!” என்றது பயம், திரும்பாமலே. “வேலையா இருக்கேன்ல?”